இரண்டு விலை எழுதும் காய்கறிக் கடை

மடிப்பாக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், சென்ற ஆவணியில் ஒரு காய்கறிக் கடை திறந்தார்கள். வந்தவாசி வட்டத்துக் கிராமம் ஒன்றின் விவசாயிகள் சேர்ந்து பதிவுசெய்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தும் கடை அது. கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பலகையில் இருப்பது அந்தக் கிராமத்தின் பெயர்தான்; ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்னது போலாகிவிடும், குறையாகச் சொல்லவும் எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. பதினோரு மாதங்களாக வாரத்தில் மூன்று நாளாவது அங்கே போய்வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறது. தினமும் காலையில் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார்கள். முதல் கட்டத்தில் காயின் பெயர், அடுத்ததில் ‘தோட்டத்தில் கொடுத்தது’, மூன்றாவதில் ‘இங்கே விற்பது’. நான் முதன்முதலில் போன நாளில் கத்தரிக்காய்க்கு நேரே 38 என்றும் 64 என்றும் இருந்தது. வெண்டைக்காய்க்கு 34, 60. நாற்பது ஆண்டுகளாகச் சென்னையில் காய் வாங்குகிறேன். வாங்கிய விலையை எழுதிப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே விற்கும் விலையையும் எழுதும் கடையை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. பலரும் அந்தப் பலகையைப் படிக்காமலேயே கூடையை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் ஒன்பது ஆண்டுகள் கிராமக் கிளைகளில் பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்தவன். இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவில் இருப்பதைக் கழித்துப் பார்க்காமல் என்னால் நகர முடியாது.

முதலில் காய்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்காய்தான் இந்தக் கடையின் பெருமை. காம்பில் முள் இருக்கும், குல்லா பச்சையாக விரிந்து நிற்கும், அழுத்தினால் விரலுக்கு அடங்கிக் கொடுத்து மறுபடி நிமிரும். முந்தைய நாள் மாலையில் பறித்து, நள்ளிரவுக்குப் பின் குட்டி யானையில் ஏற்றி, செங்கல்பட்டு வழியாக ஐந்து மணிக்குள் கொண்டுவந்து இறக்குகிறார்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நான்காகக் கீறும்போது உள்ளே விதை கறுத்திருப்பதை நான் இரண்டு முறைக்கு மேல் பார்த்ததில்லை. அரைக்கீரையும் முளைக்கீரையும் வேர் மண்ணோடு வரும். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. புடலையும் பீர்க்கனும் சுமார். பச்சை வேர்க்கடலை வரும் நாட்களில் மட்டும் ஏழு மணிக்குள் போய்விட வேண்டும்.

தக்காளியும் பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் அந்த ஊரில் விளைவதல்ல. கோயம்பேட்டில் வாங்கி வைக்கிறார்கள். அவற்றுக்கு நேரே, தோட்ட விலைக்கான கட்டத்தில் ‘மண்டி’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. மதனப்பள்ளியிலோ கோலாரிலோ தக்காளி பறித்தவருக்கு என்ன கிடைத்தது என்பது இவர்களுக்கும் தெரியாது, வாங்குகிற எனக்கும் தெரியாது. தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வுத் தாள்களின்படி, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது ஏறத்தாழ 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. இந்தக் கடையின் கத்தரிக்காயில் 64-க்கு 38 என்றால், ரூபாய்க்கு 59 காசு. பயிர் வேறு, தொலைவு வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முறையாகாது. இருந்தாலும் அந்தப் பலகையை நான் மதிக்கத் தொடங்கியது இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்துதான்.

விலையைப் பொறுத்தவரை இது மலிவான கடை அல்ல. அதே கத்தரிக்காய் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியில் பெரும்பாலும் பத்து ரூபாய் குறைவாக இருக்கும். குளிரூட்டிய பெரிய கடைகளில் ஐந்தாறு ரூபாய் அதிகமாக இருக்கும். தள்ளுவண்டிக்காரர் விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் நிற்கிறார், கடை வாடகை கொடுப்பதில்லை, தம் உழைப்புக்கு விலை போட்டுக்கொள்வதும் இல்லை. அவருடன் போட்டியிட எந்தக் கடையாலும் முடியாது. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் வைக்கும் செயலிகளிலும் சில நாட்களில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது. அந்தச் செயலி நிறுவனம் ஒன்று இவர்களிடம் சரக்கு கேட்டதாகவும், தரம் பிரித்துக் கழிக்கும் காயைத் திருப்பியே அனுப்புவோம் என்று சொன்னதால் ஒத்துவரவில்லை என்றும் கடையைக் கவனித்துக்கொள்ளும் பெண் சொன்னார். வளைந்த புடலங்காயை அவர்கள் எடுக்க மாட்டார்களாம்.

கடையைக் கவனிப்பவர் அதே ஊர்ப் பெண், பி.காம். படித்தவர், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். ஒரு நாள் மதியம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், “ஏம்மா, நடுவுல இருக்கிற இருபத்தாறு ரூபாய் எங்க போகுது?” என்று கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பில் தாளின் பின்பக்கத்தை எடுத்து எழுதிக் காட்டினார். “எல்லாரும் பலகையப் பார்த்துட்டு நாங்க இருபத்தாறு சம்பாதிக்கிறோம்னு நினைக்கிறாங்க சார். நீங்களாவது கேட்டீங்க.”

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மாதத்துக்குச் சராசரியாக ஏழாயிரத்து ஐந்நூறு கிலோ கடையில் விற்கிறது. இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ஒரு விடுதிக்கும் தனியாகப் போவது வேறு. வண்டிச் செலவை அவர்களும் பங்கிட்டுக்கொள்வதால் கிலோவுக்கு 5 ரூபாயில் நிற்கிறது. கடையில் மூன்று பேருக்குத் தலைக்குப் பதினைந்தாயிரம் சம்பளம். அது கிலோவுக்கு 6. வாடியும் அழுகியும் போவது, எடை இறங்குவது எல்லாம் சேர்த்து 6. மின்சாரம், பை, பில் இயந்திரம் 2. கடை வாடகை மாதம் முப்பத்தெட்டாயிரம், கிலோவுக்கு 5. நிறுவனத்தின் கணக்கில் நிற்பது 2. கூட்டினால் 26 சரியாக வருகிறது. வங்கியில் நான் பார்த்த பல கடன் விண்ணப்பங்களைவிட இது ஒழுங்கான கணக்கு.

இந்த ஆறு எண்களில் என்னை நிறுத்தியது வாடகை. விதை போட்டு, தண்ணீர் பாய்ச்சி, மருந்தடித்து, ஆள் வைத்துப் பறித்து, நான்கு மாதம் காத்திருந்து கொடுப்பவருக்கு 38. அந்த முப்பத்தெட்டிலும் பாதிக்குமேல் செலவுக்கே போய்விடும் என்பது பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். மடிப்பாக்கத்தில் முந்நூறு சதுர அடி தரை வைத்திருப்பவருக்கு, ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றாமல், அதே கிலோவில் 5. கட்டடத்துக்காரரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் மாடிப் பகுதியையும் நான் வாடகைக்குத்தான் விட்டிருக்கிறேன், மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பவன்தான். நகரத்தில் நிலம் வைத்திருப்பதே ஒரு வருமானமாகிவிட்டது, கிராமத்தில் நிலம் வைத்திருப்பது உழைப்பதற்கான உரிமை மட்டுமே என்ற வித்தியாசத்தை அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் ரூபாய்க் கணக்கில் பார்த்தேன்.

எடை போடும் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. ஐடிஐ முடித்தவன். அவனுடைய அப்பாதான் கடைக்குக் கத்தரிக்காய் கொடுப்பவர்களில் ஒருவர். கிணற்றடியில் முப்பது சென்ட் கத்தரி, மீதி நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும். தன் அப்பா பறித்த காயைத் தானே எடை போட்டு விற்கிறான் என்பதை நான் அறிந்துகொண்டதே மிகத் தாமதமாகத்தான். “அப்பாவுக்கு மாசம் என்ன நிக்கும் தம்பி?” என்று கேட்டபோது, தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, “சீசன்ல ஏழு, எட்டு நிக்கும் சார். மழை புடிச்சிக்கிட்டா அதுவும் இல்ல” என்றான். அவனுக்குப் பதினைந்தாயிரம். கத்தரிக்காயை விளைவிப்பவருக்குக் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு, அதை மடிப்பாக்கத்தில் நிறுத்துக் கொடுப்பவனுக்குக் கிடைக்கிறது. இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. நகரத்தில் ஒரு நாள் உழைப்புக்கு இருக்கும் விலை அது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பதினைந்தாயிரமும் முழுதாக அவனுடையதல்ல. கீழ்க்கட்டளையில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். அவன் பங்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. சாப்பாட்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம். ஊருக்கு மாதம் ஏழாயிரம் அனுப்புகிறான். அதாவது கத்தரிக்காயின் விலையில் சம்பளமாகப் போகும் 6 ரூபாயிலிருந்தும் ஒரு ரூபாய் சென்னையில் இன்னொரு வீட்டுக்காரரிடம் வாடகையாகத் தங்கிவிடுகிறது. மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தவாசிக்குத் திரும்புகிறது. அப்பாவின் மாத வருமானத்தையும் மகன் அனுப்பும் பணத்தையும் சேர்த்தால்தான் அந்தக் குடும்பம் நிமிர்ந்து நிற்கிறது. இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2018-19 வேளாண் ஆண்டுக்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்கில், இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798, கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று நாம் அழைக்கும் வீட்டுக்கே பயிர் இரண்டாவது வருமானமாகிவிட்டது.

நிலத்தின் அளவைக் கணக்கில் எடுத்தால் இது வியப்பல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 எக்டேர், நம் கணக்கில் இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்தக் கடைக்குக் காய் கொடுப்பவர்கள் இருபத்தைந்து பேர். நாளொன்றுக்குக் கடையில் விற்கும் இருநூற்றைம்பது கிலோவும் அவர்களுடையதே என்று வைத்துப் பிரித்தாலும் தலைக்குப் பத்துக் கிலோ. சராசரி முப்பத்தைந்து ரூபாய் என்று வைத்தாலும் முந்நூற்றைம்பது ரூபாய், செலவு போகாத கணக்கில். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலியே 336 ரூபாய். ரூபாய்க்கு 59 காசு என்ன, 80 காசு கொடுத்தாலும் பத்துக் கிலோவிலிருந்து ஒரு குடும்பத்துக்குச் சென்னை வருமானம் கிடைக்காது. இடைத்தரகரை ஒழித்துவிட்டால் கிராமம் செழித்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். கடையின் சுவரில் ஒட்டியிருக்கும் வாசகமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அந்த வாசகத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

கோயம்பேட்டைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் மொத்த வியாபாரம் அங்கே இடம்பெயர்ந்தபோது ஏறத்தாழ 295 ஏக்கர் வளாகத்தில் அமைக்கப்பட்ட சந்தை அது. மண்டிக்காரர் கமிஷன் பிடிக்கிறார், ஏற்று கூலி இறக்கு கூலி பிடிக்கிறார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரே நாளில் இருநூறு கிலோ பறித்துவிட்ட விவசாயி, அதில் எழுபது கிலோவைத்தான் இந்தக் கடைக்குக் கொடுக்க முடியும். மிச்சத்தை எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்வது மண்டிதான். பணமும் அன்றைக்கே கையில் கிடைக்கும். இந்த நிறுவனமோ வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, வங்கிக் கணக்கில் போடுகிறது. பெண்ணின் திருமணத்துக்கோ மோட்டார் பழுதுக்கோ அவசரமாக இருபதாயிரம் வேண்டுமென்றால் மண்டிக்காரர் முன்பணமாகக் கொடுப்பார். எங்களைப் போன்ற வங்கிக்காரர்கள் சிட்டா, அடங்கல் என்று நில ஆவணங்களைக் கேட்டு மூன்று முறை நடக்கவிட்டோம். தரகரை வளர்த்ததில் என் மேசைக்கும் ஒரு பங்குண்டு. சென்ற கார்த்திகையில் தொடர்மழையில் கத்தரி விலை ஏறியபோது, இந்தக் கடைக்குக் காய் கொடுக்கும் இருபத்தைந்து பேரில் சிலர் நேரே கோயம்பேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னார். அந்த வாரம் கடையில் தட்டுகள் காலியாகக் கிடந்தன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறைகளுக்கு வருகிறேன். மார்கழியில் என் மனைவி இரண்டு கிலோ மொச்சை வாங்கிவந்தார். உரித்தபோது நான்கில் ஒரு பங்கு புழு. திருப்பிக் கொண்டுபோனபோது, எடை போடும் இடத்தில் இருந்த இன்னொரு பையன், “மருந்தடிக்காத காய்னா புழு இருக்கத்தான் செய்யும் சார்” என்றான். இயற்கை விவசாயம் என்று இந்தக் கடை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அப்படியிருக்க, குறை வரும்போது மட்டும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவது சரியல்ல என்று சொன்னேன். மேலாளர் பெண் வந்து வேறு மொச்சை கொடுத்தார். இன்னொரு முறை, கீரையும் காயும் போடும் பிளாஸ்டிக் கூடையின் எடையைக் கழிக்காமலே நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கூடை மட்டும் நூற்றிருபது கிராம். தெரியாமல் நடந்தது என்றே நம்புகிறேன், மறுநாளிலிருந்து இயந்திரத்தில் சுழியம் வைத்த பிறகே எடை போடுகிறார்கள், ஆனாலும் அதைச் சொல்ல ஒரு வாடிக்கையாளர் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கே நல்ல காய் தீர்ந்துவிடுகிறது. பொங்கலுக்கு நான்கு நாள் முழுதாகப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பூட்டிய கதவில் ‘ஊர்ப் பொங்கல்’ என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துத் திரும்பினேன். கரும்பு வேறு இடத்தில் வாங்க வேண்டியிருந்தது என்பதைத் தவிர எனக்கு அதில் புகார் இல்லை.

பறிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை என்பது அந்தப் பெண் அடிக்கடி சொல்லும் கவலை. முன்பெல்லாம் காலை ஏழு மணிக்குக் கூடையோடு வந்து நின்ற பெண்கள் இப்போது செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். கம்பெனிப் பேருந்து ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மிஞ்சியவர்களுக்குக் கூலி ஏறிவிட்டது. இதை அவர் குறையாகச் சொல்கிறார். நான் அதில் பாதியைத்தான் குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். நிலமில்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு மாதச் சம்பளமும் சேமநல நிதியும் கிடைப்பது எளிய மாற்றமல்ல. நகரமயமாதல் என்பது சென்னைக்கு ரயில் ஏறுவது மட்டுமல்ல. செய்யாற்றுக்குப் பேருந்து ஏறி மாலையில் வீட்டுக்கே திரும்புவதும்தான். கூலிக்காரருக்கு அது ஏற்றம். அரை ஏக்கரில் காய் போட்டுக் கூலி கொடுக்க வேண்டியவருக்கு அது இறுக்கம். கிராமம் என்று நாம் ஒற்றைச் சொல்லாகச் சொல்வதற்குள்ளேயே இந்த இரண்டு கணக்குகளும் எதிரெதிராக ஓடுகின்றன.

தமிழ்நாட்டில் ஊருக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளி நாட்டின் சராசரியைவிடக் குறைவாக இருப்பதற்கு, இப்படிச் சிறு நகரங்கள் நெருக்கமாக இருப்பதும் பேருந்து எல்லா ஊருக்கும் போவதும் முக்கியமான காரணங்கள் என்பது என் எண்ணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே மாநிலத்தில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் இருந்தார்கள். நாடு முழுவதும் அது 31 விழுக்காடுதான். குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 2022-23-இல் தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் ஒருவருக்கான மாதச் செலவு 5,310 ரூபாய், நகர்ப்புறத்தில் 7,630. நகரம் ஏறத்தாழ 44 விழுக்காடு மேலே. அதே ஆண்டில் நாடு முழுவதும் 3,773-க்கு 6,459. 71 விழுக்காடு மேலே. 2011-12-இல் அந்த இடைவெளி 84 விழுக்காடாக இருந்தது. மக்கள் நிலத்தைவிட்டுத் தொழிலுக்கு நகரும்போது ஏற்றத்தாழ்வு முதலில் விரிந்து, பிறகு ஒரு கட்டத்துக்கு மேல் குறையும் என்று பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் சொன்னார். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு வளைவாக வரைந்தால், நாம் அதன் இறங்குமுகத்தில் இருக்கிறோம் என்று மகிழலாமா என்றால், எனக்குத் தயக்கம். மேலே சொன்னவை செலவின் கணக்கு, வருமானத்தின் கணக்கல்ல. கடைத் தம்பி தன் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க வழியில்லை, அதனால் அவன் வருமானமும் செலவும் ஏறத்தாழ ஒன்று. கட்டடத்துக்காரருடைய வருமானத்தில் எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு அடுத்த மனைக்கு முன்பணமாகிறது என்பதை இப்படிப்பட்ட கணக்கெடுப்பு காட்டாது.

மனை என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். வந்தவாசி அதற்குள் வரவில்லை. ஆனால் அந்தத் தம்பியின் ஊருக்குப் போகும் சாலையில் வண்ணக் கொடி கட்டிய மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. “எங்க நிலம் ரோட்டுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள சார், யாரும் கேக்க மாட்டாங்க” என்றான். சாலையோரத்தில் நிலம் வைத்திருந்த அவனுடைய பெரியப்பா விற்றுவிட்டு இரண்டு மாடி வீடு கட்டிவிட்டாராம். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்தபோது, சாலையோர நிலம் மேடு, கத்தரிக்கு ஆகாது என்று அவன் தாத்தாவே கிணற்றடி நிலத்தை நல்ல பிள்ளைக்குக் கொடுத்தாராம். அந்த நல்ல பிள்ளைதான் இன்றைக்கும் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடையைப் பரிந்துரைப்பேனா என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். கத்தரிக்காய், கீரை, வெண்டை, பருவத்தில் வேர்க்கடலை ஆகியவற்றுக்குத் தயங்காமல் போகலாம். தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் தள்ளுவண்டியே மேல். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும். துணிப்பை கொண்டுபோனால் இரண்டு ரூபாய் குறைப்பார்கள். விவசாயிக்கு உதவுகிறோம் என்ற நினைப்பில் போக வேண்டாம். நல்ல காய்க்கு நியாயமான விலை கொடுக்கப் போகிறோம் என்று போனால் ஏமாற்றம் இருக்காது. வங்கி மொழியில் மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஏழரை கொடுப்பேன். மொச்சைக்காக அரை குறைத்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்து வைத்திருந்த நிலையில், நேற்று மறுபடி போனேன். கடையின் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன, இரண்டாம் கட்டம் மொத்தமும் சேர்த்து 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் என்று திட்டமிடப்பட்ட பணி. மடிப்பாக்கத்தில் நிலையம் வருகிறது என்பதால் கட்டடத்துக்காரர் வாடகையை நாற்பத்தைந்தாயிரம் ஆக்கிவிட்டாராம். ஆடி மாதத்தில் யாரும் கடையை இடம் மாற்ற மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஏழாயிரம் ரூபாய் ஏற்றத்தை ஏழாயிரத்து ஐந்நூறு கிலோவில் போட்டால் என்ன வரும் என்று நான் மனக்கணக்குப் போடுவதற்குள், அந்தப் பெண் பலகையைத் துடைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்: தோட்டத்தில் கொடுத்தது 38. இங்கே விற்பது 65.

ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். எடை போட்ட தம்பி பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.